ஆறாம் ரோட்டைத் தாண்டிய ரோவீனா

ரோவீனா வைரிக் தன் முப்பத்தைந்து வருஷ உழைப்பில் எத்தனை முதலாளிகளைப் பார்த்தாள் என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. பதினெட்டு என்பாள். பக்கத்தில் அவள் புருஷன் லைல் இருந்தால், "அந்த வாத்துக் கம்பெனிய விட்டுட்டியே!" என்று எடுத்துக் கொடுப்பான். "அங்க அரை நாள்தான் இருந்தேன். இறகு மூக்குல ஏறி தும்மியே செத்திருப்பேன். அதையெல்லாம் சேக்கக் கூடாது" என்பாள் அவள். வேலையைத்தான் இப்படி மாற்றினாளே தவிர, புருஷனை மாற்றவில்லை. அந்த ஊர்க் கணக்கில் அதுவே பெரிய சாதனை.

இதைக் கேட்டு அவளை நிலையில்லாதவள் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இந்தியானாவின் வடக்கு ஓரத்தில், எல்கார்ட் பக்கம் பிறந்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதே கதைதான் வரும். ஆறாம் ரோட்டின் இரண்டு பக்கமும் வரிசையாகத் தொழிற்சாலைகள். எல்லாவற்றிலும் ஒரே சரக்கு: வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற கேம்பர். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற கம்பெனி மணிக்கு ஒரு டாலர் கூட்டியது என்று வையுங்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் சாப்பாட்டு வேளையில் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். அடுத்த மாதம் அவன் கூட்டினால் திரும்ப அங்கே போவார்கள். ராஜினாமா, விடைபெறுதல், கேக் வெட்டுதல் எதுவும் கிடையாது. "டிம்மை எங்க காணோம்?" என்றால், "தாண்டிட்டான்" என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

கேம்பர் வேலைக்கு இன்னொரு ருசி உண்டு. அங்கே கூலி மணிக்கு என்று பேருக்குத்தான். உண்மையில் அது வண்டிக்கு. ஒரு குழு, அன்றைக்கு இத்தனை வண்டி, முடித்தால் வீட்டுக்குப் போகலாம். காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து மத்தியானம் ஒரு மணிக்கெல்லாம் முடித்துவிட்டு, மீன் பிடிக்கப் போகிறவன் போவான், புல் வெட்டுகிறவன் வெட்டுவான். அதனால் அந்தத் தொழிற்சாலைகளில் யாரும் நடக்க மாட்டார்கள். கதவைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், மூத்திரத்துக்குக்கூட ஓடித்தான் போவார்கள். ஒருவன் நடந்தால் பின்னாலிருந்து பத்துப் பேர் கத்துவார்கள். இருபது வருஷம் அப்படி ஓடியவன் சர்ச்சுக்குள் நுழைந்தாலும் ஓட்டமாகத்தான் நுழைவான்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு ரோவீனா டிரம்பெட் செய்கிற கம்பெனியில் சேர்ந்தாள். அப்போது அந்த ஊரில் ஊதுகுழல் வேலை இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. குழாய் பற்றவைக்கிற வேலை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கேம்பர்காரன் கொடுத்த கூலியைக் கேட்டதும் மூன்றாம் மாதமே தாண்டினாள். அங்கேதான் வெண்டல் ஷ்ராக் என்கிற மேஸ்திரி வந்து வாய்த்தான். குரல் என்றால் அப்படி ஒரு குரல். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற குழுவும் சேர்ந்து ஓடும். அந்த வெண்டல் ரோவீனாவை மூன்று தடவை வேலையை விட்டு அனுப்பினான், நான்கு தடவை சேர்த்துக்கொண்டான். ஆர்டர் குறைந்தால் அனுப்புவது, ஆர்டர் வந்தால் கூப்பிடுவது. இதில் இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் என்று எதுவும் இருந்ததில்லை.

பிறகு அந்தப் பெரிய பொருளாதார மந்தம் வந்தது. நாட்டுக்குச் சளி பிடிக்குமுன் எல்கார்டுக்கு ஜுரம் வந்துவிடும். வீட்டுக் கடனே கட்ட முடியாதவன் கேம்பர் வாங்குவானா? ஆறாம் ரோடு வெறிச்சோடிப் போனது. ஐந்து பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. டிவிக்காரர்கள் வந்து காலி வண்டி நிறுத்தங்களைப் படம் பிடித்தார்கள், பொருளாதார நிபுணர்கள் வந்து தாடியைத் தடவிக்கொண்டு போனார்கள். தாண்டுவதற்கு எதிர்ப்பக்கம் என்று ஒன்று இல்லாத காலம் அது. ஊர் முழுக்கத் தேடியும் ஆள் வேண்டும் என்ற பலகை ஒரே ஒரு வாசலில்தான் தொங்கியது. அது சீடர் ரன் முதியோர் இல்லம். மந்தம் வந்தால் வண்டி விற்காது. வயதாவது மட்டும் நிற்கவா போகிறது? ரோவீனா அரசாங்கப் பயிற்சிக்குப் போய், பராமரிப்பு உதவியாளர் என்ற சான்றிதழை வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கூலி பாதிதான். ஆனாலும் அந்த வருஷம் அடுப்பு எரிந்தது அந்தப் பாதியில்தான்.

மந்தம் தீர்ந்ததும் என்ன செய்தாள்? வேறென்ன, கேம்பருக்கே தாண்டினாள்! சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கும் முழங்கால் இருந்தவரைதான் அந்த ஓட்டம். சிமெண்டுத் தரையில் ஓடி ஓடி இரண்டு முழங்காலும் 'கடக் கடக்' என்று பேச ஆரம்பித்ததும் சீடர் ரன்னுக்கே திரும்பி வந்தாள். இல்லத்தின் நிர்வாகி பெத்தனி ஸ்லாபா அவளை மேலும் கீழும் பார்த்தாள். வயதில் சின்னவள், ஆனால் விவரமான பெண்.

"ரோவீனா, இனிமே நீ வார்டுக்குப் போக வேண்டாம். ஆஃபீஸ்ல உக்காந்து ஆள் எடுக்கிற வேலையப் பாரு."

"நானா? ஒரு எடத்துல ரெண்டு வருஷம் இருந்ததில்ல நான்!"

"அதான் உன்னக் கேக்குறேன். ஓடுறவங்க மனசு உன்னவிட யாருக்குத் தெரியும்?"

இப்படியாக, ஊரிலேயே அதிகம் தாண்டியவள், மற்றவர்கள் தாண்டாமல் பார்த்துக்கொள்கிற நாற்காலியில் உட்கார்ந்தாள். தனி அறை, சுழல் நாற்காலி, மாதச் சம்பளம். லைல் வந்து பார்த்துவிட்டு நாற்காலியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கொரோனா வந்தது, ஊரைக் கலக்கியது. அதன் பிறகு ஜனங்களுக்கு ஹோட்டல் என்றாலே பயம். எல்லாருக்கும் சொந்தமாக ஒரு கேம்பர் வேண்டும் என்று ஆகிவிட்டது. அடேயப்பா, அந்தக் கோடையில் ஆறாம் ரோட்டைப் பார்த்திருக்க வேண்டும்! ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் பேனர். சேர்ந்த அன்றைக்கே போனஸ், ஆள் கூட்டி வந்தால் இன்னொரு போனஸ், காலையில் டோநட் இலவசம். பர்கர் கடையில் ஆள் இல்லாமல், காரில் இருந்தபடியே வாங்குகிற ஜன்னலை மட்டும் திறந்து வைத்தார்கள். பள்ளிக்கூட பஸ்ஸை வாத்தியாரே ஓட்டினார். சீடர் ரன்னில் உதவியாளர்கள் ஒவ்வொருவராகக் கம்பி நீட்டினார்கள்.

யெசேனியா போன அன்றைக்குத்தான் ரோவீனாவுக்கு விஷயம் உறைத்தது. அந்தப் பெண் வந்தால் வார்டில் திருமதி ஹோவர் முதலான கிழவிகள் எல்லாம் தலை வாரிக்கொண்டு உட்காருவார்கள். அவ்வளவு பிரியம். அவள் ஆஃபீஸ் வாசலில் நின்றுகொண்டு அழுதாள்.

"ரெண்டு மடங்கு தர்றாங்க ரோ. எனக்கு ரெண்டு பசங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"ஏய், எங்கிட்டப் போய் மன்னிப்புக் கேக்குறியா? நான் பதினெட்டு தடவ பண்ணினதத்தான் நீ ஒரு தடவ பண்ற. கண்ணத் தொடச்சிட்டுப் போ. நல்ல ஷூவா வாங்கிப் போட்டுக்க, முழங்கால் போயிரும்."

அவள் போன பிறகு ரோவீனா ஆள் பட்டியலில் அவள் பெயரை அடித்தாள். கையைப் பிடித்து இழுக்க ரோவீனாவுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆகஸ்டு பிறந்ததும் இல்லத்தை நடத்துகிற கம்பெனியிலிருந்து, வேறு மாநிலத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் பெத்தனியைத் தொலைபேசியில் கூப்பிட்டார். கிழக்கு வார்டில் சாயங்கால வேளைக்கு ஏழு ஆள் வேண்டும். இப்போது இருப்பது இரண்டு. செப்டம்பர் பிறப்பதற்குள் ஏழு ஆகாவிட்டால் வார்டை மூடிவிட்டு, அங்கே இருப்பவர்களை ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற இன்னொரு இல்லத்துக்கு அனுப்பிவிட வேண்டியதுதான்.

கிழக்கு வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் யார் தெரியுமா இருந்தது? வெண்டல் ஷ்ராக்! பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. அவன் மனைவி ஆர்டித் மூன்று தெரு தள்ளி இருக்கிறாள். கண் மங்கியதால் கார் ஓட்ட லைசென்ஸ் போய்விட்டது. ஆனாலும் தினம் சாயங்காலம் ஏதாவது ஒரு பாத்திரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு நடந்தே வந்துவிடுவாள். பிசைந்த உருளைக்கிழங்கின் மேல் கோழி நூடுல்ஸ் ஊற்றிக் கொண்டு வந்து ஸ்பூனால் ஊட்டுவாள். "உப்பு பத்தல" என்று அவன் கத்துவான். "நாப்பத்தாறு வருஷமா பத்தலதான், வாயத் திற" என்பாள் அவள். இதுதான் அவர்களுடைய கொஞ்சல்.

மூடப்போகிற செய்தி எப்படியோ வெண்டலின் காதுக்கு எட்டிவிட்டது. ரோவீனா அந்தப் பக்கம் போனபோது வழக்கமான கத்தல் இல்லை. ரகசியம் பேசுகிறவன் மாதிரி கையை அசைத்துக் கூப்பிட்டான்.

"ஆர்டித்துக்குத் தெரிய வேண்டாம்."

"எது பாஸ்?"

"நடிக்காத. ஒன்றரை மணி நேரம் தள்ளி என்னத் தூக்கிட்டுப் போனா அவளால வர முடியுமா? பஸ்ஸா இருக்கு இந்த ஊர்ல? நான் சாப்பிட்டேனான்னு தெரியாமலே அவ செத்துருவா." அவனுடைய நல்ல கை போர்வையைப் பிசைந்துகொண்டே இருந்தது. "நீ ஏதாவது பண்ணு."

இந்த ஆள் கெஞ்சி ரோவீனா பார்த்ததே இல்லை. "மூணு தடவ என்னத் துரத்தினீங்கல்ல? இப்ப மட்டும் என்னவாம்?" என்று கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்வதற்குள் வெளியே வந்துவிட்டாள். அழுகை வந்தால் அவளுக்கு வாய் இப்படித்தான் குத்தும்.

பேனர் கட்டினாள், டோநட் வைத்தாள், சர்ச்சில் எழுந்து நின்று பேசிப் பார்த்தாள். தலைகீழாக நின்றாலும் கேம்பர் கூலிக்குப் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. ஒரு நாள் மத்தியானம் ஆறாம் ரோட்டில் காரை ஓட்டிக்கொண்டு போனபோது சிவப்பு விளக்கு விழுந்தது. பைன்ஹார்ட் கேம்பர் கம்பெனியின் வாசல் திறந்தது. அன்றைய வண்டிகளை முடித்துவிட்டு ஆட்கள் ஓட்டமாக வெளியே வந்தார்கள். மணி ஒன்றுகூட ஆகவில்லை. வந்தவர்களில் யெசேனியா இருந்தாள். அவள் பின்னால் டர்க் பிளெட்சர், ஆறடி உயரம், கதவளவு அகலம். அவனும் பழைய சீடர் ரன் ஆள்தான். இன்னும் இரண்டு பேர் அப்படியே. விளக்கு பச்சைக்கு மாறியது ரோவீனாவுக்குத் தெரியவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"அட முட்டாளே!" என்று அவள் தன் தலையில் தானே ஒரு போடு போட்டுக்கொண்டாள். தாண்டுகிறவன் ஒரு பக்கம்தான் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? காலையில் அந்தப் பக்கம், சாயங்காலம் இந்தப் பக்கம்! இல்லத்தில் ஆள் பற்றாத நேரம் மூன்றிலிருந்து ஏழு வரைதான். சாப்பாடு ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் படுக்க வைப்பதும் அப்போதுதான். ஏழுக்கு மேல் பார்க்க ஆள் இருந்தது.

மறுநாள் அதே வாசலில் போய் நின்றாள். டர்க் அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்ன ரோ, திரும்பவும் இங்கயே தாண்டிட்டியா? முழங்கால் என்னாச்சு?"

"நான் வரல. உன்னக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். சாயங்காலம் நாலு மணி நேரம்."

"உங்க கூலிக்கா? எங்க வீட்டு நாய்கூட வராது."

"சரி டர்க், ஒண்ணு சொல்லு. போன மந்தத்துல நீ என்ன பண்ணின?"

அவன் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "மாமனார் வீட்டுக் கீழ்த்தளத்துல கெடந்தேன்."

"எத்தன மாசம்?"

"அந்தப் பேச்ச எடுக்காத."

"இந்த ஆட்டம் எத்தன நாளைக்குன்னு நெனைக்கிற? ஊர்ல எல்லாரும் கேம்பர் வாங்கி முடிச்சதும் அடுத்து யார் வாங்குவா? உன்னோட சான்றிதழ் ரெண்டு வருஷம் வேல பாக்கலைன்னா செத்துப் போகும். தினம் சாயங்காலம் வந்தா அது சாகாது. ஆர்டர் நின்ன அன்னிக்கு மத்தவன் எல்லாம் எங்க தாண்டுறதுன்னு முழிப்பான். உனக்கு எடம் ரெடியா இருக்கும். இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். மாமனார் மூஞ்சியப் பாக்க வேண்டாம்."

டர்க் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். மாமனார் என்ற வார்த்தை வேலை செய்தது. யெசேனியாவுக்கு இவ்வளவு பேச்சே தேவைப்படவில்லை. "திருமதி ஹோவர் இப்ப தலை வாரிக்கிறாங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றதும், "நாளைக்கு வர்றேன்" என்றாள். பசங்களை அவள் அம்மா பார்த்துக்கொள்வாளாம். ஒரு வாரத்தில் ஐந்து பேர் சேர்ந்தார்கள். ஏற்கெனவே இருந்த இரண்டோடு ஏழு. ரோவீனா ஆஃபீஸில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குத்தாட்டம் போட்டாள், முழங்கால் வலித்தாலும்.

முதல் நாள் என்ன நடந்தது என்று கேளுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெத்தனியின் குரல் தாழ்வாரம் முழுக்க ஒலித்தது. ரோவீனா ஓடிப் போய்ப் பார்த்தாள். வெளியே வெயில் தகதகவென்று அடிக்கிறது. ஒன்பது மணி வரை அடிக்கும், அந்த ஊர்க் கோடை அப்படி. உள்ளே கிழக்கு வார்டு முழுவதும் சாப்பிட்டு, குளித்து, இரவு உடை போட்டு, கழுத்து வரை போர்த்திக்கொண்டு, வரிசையாகக் கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கிறது! ஒருவருக்கும் தூக்கம் இல்லை. எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் டர்க் கார் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டு நின்றான்.

"முடிச்சாச்சு ரோ! நாங்க கெளம்புறோம்."

"முடிச்சாச்சா? என்னடா முடிச்சாச்சு?"

"எல்லாத்தையும்தான். ஒரு டேமேஜ் கெடயாது."

ஜன்னலோரக் கட்டிலிலிருந்து வெண்டல் பூரிப்போடு கத்தினான். "பாத்தியா ரோவீனா! என் ஆளுங்க! லைன் ஒரு நிமிஷம்கூட நிக்கல!" அந்த நேரம் பார்த்து ஆர்டித் நூடுல்ஸோடு உள்ளே வந்தாள். பட்டப்பகலில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிற புருஷனைக் கண்டதும் உடம்புக்கு என்னவோ என்று பதறிப் பாத்திரத்தைக் கீழே போடப் பார்த்தாள். அவளைச் சமாதானம் செய்து உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஏற்கெனவே வயிறு முட்டத் தின்றிருந்த வெண்டல் மூச்சுக் காட்டாமல் அதையும் தின்றான். பெத்தனி ரோவீனாவைப் பார்த்த பார்வையில் பச்சைத் தண்ணீரும் கொதித்திருக்கும். ரோவீனா ஐந்து பேரையும் வெளியே மர நிழலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இங்க பாருங்க. இது கேம்பர் இல்ல. இங்க சீக்கிரம் முடிச்சா வீட்டுக்கெல்லாம் போக முடியாது."

"அப்ப எதுக்கு வேகமா செய்யணும்?" என்றான் டர்க், உண்மையாகவே புரியாமல்.

"செய்யவே வேண்டாம்! அதத்தான் சொல்றேன். நாலு மணி நேரமும் இருக்கணும். நாலு மணி நேரத்துக்கும் காசு உண்டு."

"சும்மா உக்காந்திருந்தாலுமா?"

"அவங்களோட உக்காந்திருந்தா."

ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உட்காருவதற்குக் கூலி என்பதை அவர்கள் ஆறாம் ரோட்டில் கேள்விப்பட்டதே இல்லை. டர்க் மறுநாள் படாதபாடு பட்டான். ஒரு கிழவர் ஒரு வாய் மெல்லுவதற்குள் அவன் தொடை தானாக ஆடியது. அவன் அவஸ்தையைப் பார்த்துவிட்டு ரோவீனா ஒரு கட்டுச் சீட்டை எடுத்து வந்து வெண்டலின் கட்டில் மேல் போட்டாள். யூக்கர் ஆட்டம் அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நான்கு பேர் வேண்டும்; வெண்டல், டர்க், இன்னொரு கிழவர், எலும்பும் தோலுமாக ஒரு பெரியம்மா. அந்தப் பெரியம்மா முதல் சுற்றிலேயே டர்க்கைத் துவைத்துக் காயப்போட்டாள். மானப் பிரச்சினை ஆகிவிட்டது! ஏழு மணிக்கு நேரமாச்சு என்று சொல்லப்போனால் டர்க், "இரு ரோ, இன்னும் ஒரு ஆட்டம்" என்றான். யெசேனியா ஜன்னல் பக்கம் திருமதி ஹோவருக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். வார்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன.

ஆகஸ்டு முடிய நான்கு நாள் இருக்கையில் இடி விழுந்தது. பைன்ஹார்ட்டுக்கு எங்கிருந்தோ பெரிய ஆர்டர் வந்துவிட்டது. உள்அலங்காரக் குழு மட்டும் தினம் மாலை ஐந்து வரை நிற்க வேண்டும் என்று உத்தரவு. ரோவீனாவின் ஐந்து பேரில் அந்தக் குழுவில் இருந்தது ஒருவன்தான். அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். ஏழு ஆறாகிவிட்டது. ரோவீனா நாயாய்ப் பேயாய் அலைந்தாள். ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், வாசலில் நின்று அவள் ஆள் பிடித்த அழகைப் பார்த்துக்கொண்டிருந்த பைன்ஹார்ட் மேனேஜர், தன்னிடமே வந்து ஆள் எடுக்கிற வேலை பார்க்கும்படி அவளைக் கூப்பிட்டார். சொன்ன சம்பளத்தைக் கேட்டு அவளுக்குக் காது அடைத்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் பெத்தனியிடம் போனாள்.

"ஏழாவது ஆளா நான் வார்டுக்கு எறங்குறேன். கொரோனா நேரத்துல வார்டுல நின்னேன்ல, என் சான்றிதழ் இன்னும் உயிரோடதான் இருக்கு."

பெத்தனி கண்ணாடியைக் கழற்றினாள். "ஆஃபீஸ் சம்பளத்துல உன்ன வார்டுல நிறுத்த மேல ஒத்துக்க மாட்டாங்க. ஒண்ணு அது, இல்லாட்டி இது. எறங்கினா உதவியாளர் கூலிதான்."

"தெரியும். நாலு வருஷமா அந்தக் கூலிய எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி மனப்பாடம்."

"முழங்கால்?"

"இங்கதான் யாரும் ஓடறதில்லையே."

வீட்டுக்குப் போய் லைலிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் முள்கரண்டியை வைத்துவிட்டு அவளையே பார்த்தான். "மேல தாண்ட ஒருத்தன் கூப்பிடுறான். நீ கீழ தாண்டுறேங்கிற. எனக்கு ஒழுங்காக் காது கேக்குதா?"

"கேக்குது." அவள் எதிரே உட்கார்ந்தாள். "வெண்டல் கெஞ்சினான் லைல். அந்த மனுஷன் என்கிட்டக் கெஞ்சினான்" என்று மட்டும் சொன்னாள், கண் கலங்கிவிட்டது.

லைல் முள்கரண்டியை மறுபடி எடுத்தான். "சரி விடு. அந்தப் படகு வாங்குற பேச்ச அடுத்த வருஷம் பாத்துக்கலாம். ஏற்கெனவே பதினஞ்சு வருஷமா அடுத்த வருஷம்தான்" என்றான். அவள் எழுந்து போய் அவன் வழுக்கைத் தலையில் ஒரு முத்தம் கொடுத்தாள்.

செப்டம்பர் பிறந்தது. மேலிடத்திலிருந்து ஆள் வந்து கிழக்கு வார்டைப் பார்த்தார். ஏழு பேர் நின்றார்கள். சீட்டாட்டத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். டர்க்கின் தோளகலத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். வார்டு தப்பியது.

அன்று சாயங்காலம் ரோவீனா உதவியாளர்களின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வார்டு வாசலில் துணிவண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஆர்டித் வருவது தெரிந்தது. வழக்கத்தைவிடத் தாமதம். நடைபாதை ஓரத்துப் பூக்களை நின்று பார்த்துவிட்டு, யாரிடமோ இரண்டு வார்த்தை பேசிவிட்டு, சாவகாசமாக வந்தாள்.

"என்ன ஆர்டித், இன்னிக்கு லேட்டு? உடம்பு முடியலையா?"

"உடம்புக்கு என்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கு." அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்குத்தான் நடந்து வந்தேன். போன மாசம் பூரா ஓடி ஓடித்தான் வந்தேன். ஒவ்வொரு நாளும் இதுதான் கடைசியோன்னு."

ரோவீனா வண்டியை நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாதா? அவருக்கு நான் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு ஆசை. அதான் தெரியாத மாதிரியே ஊட்டிக்கிட்டு இருந்தேன்." ஆர்டித் பாத்திரத்தை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, மறு கையால் ரோவீனாவின் கன்னத்தைத் தொட்டாள். அவ்வளவுதான், ரோவீனாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆர்டித்தும் அழுதாள். அழுதுகொண்டே இருவருக்கும் சிரிப்பும் வந்தது.

உள்ளேயிருந்து அந்தக் குரல் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது.

"அங்க என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? நூடுல்ஸ் ஆறுது!"

"வர்றேன், கத்தாத! உப்பு கொஞ்சம் கூடத்தான் போட்டிருக்கேன் இன்னிக்கு" என்றபடி ஆர்டித் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.